கேட்காமல் எழுதிய மூன்று

மார்ச் 3, திங்கள்

காலை ஷிப்ட். பதினெட்டுக் கட்டில், இரண்டே நர்ஸ். புற்றுநோய் வார்டில் எனக்கு இது பதினான்காவது வருடம்.

இரண்டாம் கட்டில் அம்மா ஒன்பதே காலுக்குப் போய்விட்டார். மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, பத்து மணிக்குள் விரிப்பு மாற்ற ஆள் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அழுகையும் அப்படித்தான் போலிருக்கிறது.

மார்ச் 5, புதன்

நின்று நின்று வந்த கால் வீக்கம் குறையவில்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை போன் பண்ணினாள். மூன்று மாதக் கரு கலைந்துவிட்டதாம். ஆறு வருடம் காத்திருந்து தங்கிய கரு.

"நல்லா ரெஸ்ட் எடு. காய்ச்சல் வந்தா உடனே போய்க் காட்டு. ரத்தம் ரொம்பப் போகுதா?" என்றேன்.

"அக்கா, நான் உன்கிட்ட வைத்தியம் கேக்கல" என்று வைத்துவிட்டாள்.

என்னவாம் என்று கேட்ட கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

மார்ச் 15, சனி

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் கேட்டு, கட்டில் அட்டையில் வலிக்கு எண் போட வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம். தாங்கவே முடியாவிட்டால் பத்து. கேட்டால் எண்ணை மட்டுமா சொல்கிறார்கள்? தூங்காத கதை, மகன் வராத கதை, போன பிறவிப் பாவம் எல்லாம் வரும். தலைக்கு மேல் வேலை கிடக்கும்.

அதனால் கொஞ்ச நாளாக நான் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே எழுதிவிடுகிறேன். முனகினால் ஐந்து. சும்மா படுத்திருந்தால் மூன்று. ஆறாம் கட்டில் கிரேன்காரருக்கு எப்போதும் மூன்றுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது, ஆனாலும் வாய் திறக்க மாட்டார். எல்லாரும் இவரைப் போல இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

கூட வர வேண்டியவள் லீவு. தனியாள்.

கிரேன்காரர் சாப்பாட்டைத் தொடவில்லை. அவர் மனைவி கட்டிலருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால் பத்து நிமிடம் போய்விடும். திரும்பிக்கொண்டேன். மூன்று.

மார்ச் 17, திங்கள்

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். ஆறாம் கட்டிலின் அட்டையைப் பார்த்தார். "ரெண்டு நாளும் மூணுதான? அதே டோஸ் போதும்." நகரப் போனவர், எதற்கோ நின்று, முதுகைப் பார்க்க வேண்டும், புரட்டுங்கள் என்றார்.

புரட்டினோம். கிரேன்காரர் போட்ட சத்தத்தில் வார்டே அடங்கிப்போனது. அவர் தலையணை உறையின் ஓரம் கடித்துக் கடித்து நைந்துபோயிருந்தது.

"பத்துக்கு எவ்வளவு வலி?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒம்பது இருக்கும் சார்."

"எப்பலேர்ந்து?"

"வெள்ளிக்கிழமைலேர்ந்து."

டாக்டர் அட்டையை இன்னொருமுறை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மருந்தைக் கூட்டி எழுதினார். அரை மணி நேரத்தில் கிரேன்காரர் தூங்கிவிட்டார்.

அரை மணி நேரம். சனிக்கிழமை நான் கேட்டிருந்தால் சனிக்கிழமையே தூங்கியிருப்பார்.

மார்ச் 18, செவ்வாய்

அடிப்பாவி, என்ன பண்ணி வச்சிருக்க நீ. ஒரு வார்த்தை கேக்க எவ்வளவு நேரம் ஆகும்? உன் அப்பாவா இருந்தா கேக்காம எழுதியிருப்பியா — இருந்தாலும் எழுதியிருப்ப. அதுதான் பயமா இருக்கு.

மார்ச் 21, வெள்ளி

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். தாங்க முடியாமல் தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வெளிய சொல்லிட்டுத் திரியாத. நான் மட்டும் எல்லாரையும் கேட்டா எழுதுறேன்? ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்கு, சரியாயிடும்."

திட்டு வாங்கப் போனேன். கூட்டாளி கிடைத்தார்.

மார்ச் 25, செவ்வாய்

கிரேன்காரர் போய்விட்டார். எனக்கு இன்று ஷிப்ட் இல்லை. வலியில்லாமல் போனாராம். அதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏப்ரல் 2, புதன்

கிரேன்காரரின் மனைவி வந்தார். கணவருக்காக வாங்கிய காற்று மெத்தையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி நீட்டினார். வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை. அந்த இரண்டு நாளும் கேட்காமலே எண் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் சிஸ்டர். பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

"ஏம்மா கூப்பிடல?"

"அவரு விடல. 'அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து உக்காரவே இல்ல, பாவம், தொந்தரவு பண்ணாத'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. ரெண்டு நாளும் விடவே இல்ல." மெத்தையின் மடிப்பைச் சரிசெய்தபடியே சொன்னார். "அவருக்கு உங்க மேல கோவம் இல்ல. எனக்கு இருக்கு. அது போகாது."

போய்விட்டார்.

கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். வார்டில் நான் அழுது எத்தனை வருடம் ஆகிறதென்று தெரியவில்லை. ஒன்பது வலியோடு கிடந்த மனுஷன் என்னைப் பார்த்துப் பாவம் என்றிருக்கிறார். அவரைப் பார்த்து நான்தானே சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் நடந்ததைத் தேதியோடு எழுதினேன்.

"பைத்தியமா உனக்கு? நீயும் போயிட்டா இங்க யாரு இருக்கா?" என்றார் தலைமை நர்ஸ்.

"கேட்டு எழுதுற யாரையாவது போடுங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவரைக் குத்திக் காட்ட நான் யார்?

ஏப்ரல் 16, புதன்

விசாரணை. கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். சம்பள உயர்வு ஒரு வருடத்துக்கு இல்லை. வார்டும் இல்லை. கணவர் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டார்.

ஏப்ரல் 21, திங்கள்

துணிக்கிடங்கில் முதல் நாள். அடித்தளத்தில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. சலவையிலிருந்து வரும் விரிப்புகளைக் கணக்கெடுத்து வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். இங்கே யாருக்கும் வலிக்காது.

கட்டுக் கட்டாகத்தான் வருகின்றன. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு. புற்றுநோய் வார்டுக்குப் போக வேண்டிய கட்டை நான் பிரித்தபோது, இங்கே பல வருடமாக இருக்கும் அண்ணன் சிரித்தார். "பன்னெண்டுன்னு சீட்டுலயே இருக்கே, எதுக்கும்மா பிரிக்கிற? அப்படியே எழுது."

பிரித்து எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது.