காட்பாடியில் நிற்கும் மோரிஸ்

ஆம்பூர்,
17-2-1980

நைரோபியில் தோல் கம்பெனி ஃபோர்மேனாக இருக்கும் என் கணவர் நந்தகோபால் அவர்களுக்கு, பங்கஜம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அம்மாவும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். வழக்கத்துக்காக எழுதும் வரி இல்லை இது. நீங்கள் கை கால் சுகத்தோடு ஊர் வந்து சேர வேண்டிய அவசியம் இப்போது எனக்கு நிறைய இருக்கிறது.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. டாக்டர் தந்த சிவப்பு மருந்தில் தித்திப்பு கம்மி என்று குறை சொல்கிறார்கள். பாலாற்றில் தண்ணீர் இல்லை. கெரசின் கியூவில் நின்று எனக்குக் கால் வீங்கியது, இப்போது தேவலை. உங்கள் பழைய கம்பெனியில் போனஸ் தகராறு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

உங்கள் ஜனவரி மாதக் கடிதத்தில் இரண்டு காரியம் கேட்டிருந்தீர்கள். அங்கே பழைய கார் பிரியர்கள் சங்கத்தார் படக் கண்காட்சி வைக்கிறார்கள், அதனால் பரண்மேல் இருக்கும் கார் ஆல்பத்தை ஈரம் படாமல் கட்டி அனுப்பு என்றீர்கள். காட்பாடியில் ஒரு பெண்குழந்தை இருக்கிறது, அப்பா இல்லை, அம்மா ஏழை, நமக்கோ குழந்தை இல்லை, தத்து எடுத்துக்கொள்ளலாம், வக்கீல் பத்திரம் கொண்டுவருவார், சம்மதக் கையெழுத்துப் போடு என்றும் எழுதியிருந்தீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களிலேயே அதுதான் நல்ல கடிதம் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். வக்கீல் பத்திரத்தைத் தந்துவிட்டுப் போன மறுநாளே பஜாருக்குப் போய்ச் சிவப்பு ரிப்பனும் பச்சை ரிப்பனும் வாங்கி வந்தேன். உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “வயித்துல பெக்கத் துப்பில்ல, ரிப்பன் ஒன்னுதான் கொறச்சல்” என்றார்கள். அந்தப் பேச்சுகூட அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கையெழுத்துக்கு நல்ல நாள் பார்த்திருந்தேன். அதற்குள் ஆல்பத்தைக் கட்டி வைத்துவிடலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன். நான் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டேன் என்ற தைரியம் உங்களுக்கு. தப்பில்லை, நான் அந்த ஆல்பத்தை எத்தனை கேலி செய்திருக்கிறேன்! ஞாயிற்றுக்கிழமை பலகாரம் சாப்பிட்ட கையோடு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்தவன் காரைப் படம் பிடிக்கப் பஸ் ஏறுகிற மனுஷனை வேறு எப்படிப் பேசுவது? குடியாத்தத்தில் என் தம்பி கல்யாணத்தன்று, லுங்கி மூட்டை ஏற்றிய டாட்ஜ் கார் ஒன்று தெருவில் போகிறது என்று முகூர்த்தத்தை விட்டுவிட்டு ஓடினீர்களே! என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் பிரித்துப் பார்த்தபோது உண்மையிலேயே அசந்துபோனேன். படங்கள் அழகு. தோல் வியாபாரி அப்துல் வஹாப் சாயபுவின் பிளைமவுத் கார், பின் கதவு திறந்து, பதனிடாத பச்சைத்தோல் கட்டுகளோடு நிற்கிறது. நாட்றம்பள்ளியில் ஒரு ஃபோர்டின் பானெட் மேல் ஆடு படுத்து அசை போடுகிறது. நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள், “ஓடுற வண்டியத்தான் எடுக்கணும் பங்கஜம், ஷெட்ல கெடக்கறத எடுத்தா பொணத்த எடுத்த மாதிரி” என்று. இன்னொரு சட்டமும் வைத்திருந்தீர்கள். ஒரு காருக்கு ஒரு படம்தான், மறுபடி எடுத்தால் பிலிமுக்குத் தண்டம் என்பீர்கள். பக்கம் பக்கமாகப் பார்த்தேன், அந்தச் சட்டத்தை நீங்கள் மீறவே இல்லை, ஒரு காரைத் தவிர.

கறுப்பு மோரிஸ். இடது பக்க விளக்கு உடைந்தது. டயர் கிடையாது, நாலு பக்கமும் செங்கல் அடுக்கி நிறுத்தியிருக்கிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு என்று அதன் படம் ஆல்பம் முழுக்க வருகிறது. படத்தின் பின்னால் உங்கள் கையெழுத்தில் தேதியும் ஊரும் இருக்கின்றன. ஒன்றில் காவேரிப்பாக்கம், இன்னொன்றில் நாட்றம்பள்ளி, மற்றொன்றில் வாலாஜா. எல்லாம் அந்தந்த ஞாயிறு என்னிடம் போவதாகச் சொன்ன ஊர்கள். செங்கல் மேல் நிற்கிற கார் அத்தனை ஊருக்கும் எப்படிப் போயிற்று என்று கொஞ்சநேரம் விழித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் காரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் வாசல்படியைப் பார்த்தேன்.

முதல் படத்தில் அந்தப் படியில் ஒரு பெண்ணின் கையில் துணி சுற்றிய குழந்தை இருக்கிறது. அடுத்ததில் குழந்தை மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிறகு பல் விழுந்த வாயோடு சிரிக்கிறது. நீங்கள் நைரோபி போவதற்கு முந்தின மாதம் எடுத்ததில் பள்ளிக்கூடப் பையோடு பாவாடை சட்டையில் நிற்கிறாள். காது இரண்டும் உங்கள் வீட்டு வகையறாக் காது, முறம் மாதிரி. உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் உள்ள அதே காது. கார் பழசாகவே இருக்க, குழந்தை மட்டும் வளர்ந்துகொண்டே வருகிறது.

மறுநாள் அந்தப் படங்களையும் வக்கீல் தந்த பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, குழந்தை இருப்பதாக நீங்கள் எழுதிய காட்பாடிக்குப் பஸ் ஏறினேன். ஆளைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்று காரைக் கேட்டேன். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்த உடனே, “கார்டு ஊட்டு மோரிஸ்தானே? கோழி முட்டை போடுமே, அந்த வண்டிதாம்மா” என்று வழி சொன்னார். ரிட்டையரான ரயில்வே கார்டு தேவசகாயம் என்பவருடைய கார் அது. அதற்குள் நிஜமாகவே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒட்டிய வீட்டுப் படியில் ஒருத்தி ஷூவுக்கு அப்பர் என்கிற மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். பெயர் தனகோடி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் யார் என்று சொன்னதும் அவள் கையில் இருந்த ஊசி கீழே விழுந்தது. “நீங்க படுத்த படுக்கைன்னு சொன்னாரே. நெனவே இல்ல, ஆளே தெரியாதுன்னாரே. எப்டி பஸ் ஏறி வந்தீங்க?” என்றாள். நடந்து போய்த்தான் ஏறினேன் என்றேன். நான் நினைவு தப்பிப் பல வருஷமாகப் படுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கல்யாணமானவர் என்று தெரிந்துதானே வாசல்படியைத் திறந்து வைத்தாள்? கேட்டேன், நன்றாகவே கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். “படிக்கத் தெரியாது எனக்கு. பாப்பாவ பெங்களூர் ஆஸ்டல்ல சேக்கறதுக்கு பாரம்னு வக்கீல் சொன்னாரு. நாளான்னிக்கு வர்றாராம், கை நாட்டு வைக்க. நீங்க படிச்சு சொல்லுங்க” என்றாள்.

படித்தேன். என்னிடம் இருக்கும் பத்திரத்தின் ஜோடி அது. குழந்தையின் பேரில் தனக்கு இனி எந்த உரிமையும் இல்லை என்று அவள் எழுதித் தருகிறாள். ஆஸ்டல் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஒரு விரல் அவள் வைத்து, ஒரு கையெழுத்து நான் போட்டிருந்தால், அவளிடமிருந்து குழந்தையைப் பிடுங்கி என் மடியில் போட்டிருப்பீர்கள். பெற்றவள் பெங்களூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் உங்கள் பெரிய மனசை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். அதை அவளுக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னேன். உங்கள் அம்மா என்னை மலடி என்று சொன்ன போதெல்லாம் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்களே, வேலூர் ஆஸ்பத்திரிக்கும் விரதத்துக்கும் என்னைத் தனியாக அலையவிட்டீர்களே, அத்தனையும் சேர்ந்து அந்தப் படியில்தான் எனக்கு வெடித்தது. சாகிற வரைக்கும் உங்களை மன்னிக்க மாட்டேன்.

இரண்டு பத்திரத்தையும் தனகோடியின் அடுப்பில் வைத்து டீ போட்டோம். டீ நன்றாக இருந்தது. வக்கீல் வந்தால் அவருக்கும் தரச்சொல்லிவிட்டு வந்தேன்.

ஆல்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். பிளைமவுத் படத்தை அப்துல் வஹாப் சாயபுவிடம் கொடுத்துவிட்டேன், பிரேம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறார். டாட்ஜ் படம் குடியாத்தத்தில் லுங்கிக் கடைக் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. ஆட்டோடு இருக்கும் ஃபோர்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, காரைவிட ஆட்டைத்தான் எல்லோரும் அடையாளம் சொன்னார்கள். இப்படி வீடு வீடாகப் போய்க் கொடுத்துத் தீர்த்தேன். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஹில்மன் கார் படத்தை வாணியம்பாடியில் அக்தரி பேகத்திடம் கொடுத்தேன். ஓட்டுகிற இடத்தில் இருப்பவர் அவர் கணவராம், இறந்துபோய்விட்டார். வேறு படமே இல்லையாம். “மொகம் மறந்துபோய்டுமோன்னு பேஜாரா இருந்துச்சும்மா” என்று அந்த அம்மாள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதபோது, உங்கள் கேமராவால் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. உங்களிடம் பிரதி கிடையாது. நெகடிவை எல்லாம் கூரியூர்ப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டேன், அங்கே யாரும் இறங்க மாட்டார்கள்.

ஆல்பத்தில் மிச்சம் இருப்பவை மோரிஸ் படங்கள் மட்டும்தான். எல்லாவற்றையும் வரிசை மாறாமல் இத்துடன் அனுப்புகிறேன். தாராளமாகக் கண்காட்சியில் வையுங்கள். ஊர்ப் பெயர்களைத் திருத்திக் காட்பாடி என்று எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் அம்மாவுக்காக நிறுத்திக்கொண்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து காலையில் எனக்கு முன்னால் எழுந்து வெந்நீர் வைக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை.

போன ஞாயிறு ஆம்பூர் ஸ்டுடியோ அமீர் பாஷாவைக் காட்பாடிக்குக் கூட்டிப்போய் ஒரு படம் எடுத்தோம். உங்கள் பிலிமை எல்லாம் இத்தனை வருஷமாகக் கழுவிக் கொடுத்தவர் அவர்தானே, பாவம், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மோரிஸின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் தனகோடி, பானெட் மேல் குழந்தை சுகுணா. ரிப்பன் என்னுடையது. இந்தப் படம் கடைசியில் இருக்கிறது.

சித்திரையில் லீவுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை ஆம்பூரில் இறங்குவேன் என்று எனக்கும், சனிக்கிழமை காட்பாடியில் இறங்குவேன் என்று தனகோடிக்கும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தோம். அவளுக்கு வரும் கடிதத்தை இதுவரை தேவசகாயம் படித்துச் சொல்வாராம், இனி நான் படிப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமையே இறங்குங்கள். யார் வீட்டுக்கு முதலில் போவது என்ற சங்கடம் உங்களுக்கு வேண்டாம். இரண்டு பேரும் பிளாட்பாரத்துக்கே வருகிறோம்.

சுகுணாவும் வருவாள். அவள் உங்களைக் கார் மாமா என்றுதான் சொல்கிறாள், அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நீங்கள் பழக்கியிருக்கிறீர்களாம். படம் எடுத்து முடித்ததும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “கார் மாமா உங்களுக்கு யாரு?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப எனக்கு யாரு?” என்றாள். தனகோடி என்னைப் பார்த்தாள், நான் தனகோடியைப் பார்த்தேன். சித்திரையில் அவரே வந்து சொல்வார் என்று சொல்லியிருக்கிறோம். குழந்தை அன்றிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். கடல் தாண்டி, ரயில் ஏறி, ஒரு குறையும் இல்லாமல் கடவுள் உங்களை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
பங்கஜம்