பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு

அண்ணே,

என்னைத் தனியாக நிற்க விட்டவர் நீங்கள். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் உங்கள் சமையலறையில், நீங்கள் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டே, அந்த மேஜையில் சேரியிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு வாக்கியத்தில் அதைத் திருத்தியிருக்க உங்களால் முடியும். நீங்கள் திருத்தவில்லை. குழம்பு ஊற்றினீர்கள்.

நேற்று உங்கள் வீட்டுக்கார அம்மாள் மூச்சு வாங்க என் மாடிப்படி ஏறி வந்து ஒரு பார்சலைக் கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து உங்கள் பெயருக்கு வந்தது. "அவருக்கு வர்றதையெல்லாம் இனிமே உங்ககிட்ட கொடுக்கறதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்" என்றார். பிரித்ததும் பைண்டிங் பசையின் வாசனை அடித்தது. மேஜர் கடைசியில் புத்தகத்தை முடித்துவிட்டார். அட்டையில் அவருடைய முன்னோரின் பெயர். அதன் கீழே, 'உழவர், ஊர்ப்படைக் கேப்டன்'. முதல் அத்தியாயத்தின் முதல் வரி இப்படி இருக்கிறது: கேப்டனின் தந்தை செத்த மாடுகளின் தோலை உரித்துப் பிழைத்தவர். சுற்றி வளைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கவும் இல்லை. ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரிக்கு வந்த துணிச்சல் உங்களுக்கு வரவில்லை.

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பசை வாசனைக்குப் பின்னாலேயே அந்த இலையுதிர் காலமும் வந்துவிட்டது. இரண்டு பத்தி எழுதுவதற்குள் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மேஜரை நமக்குப் பிடித்துக் கொடுத்தது அவருடைய கார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது உங்கள் வீட்டு வாசலில் நின்றுபோனது. நீங்கள் லுங்கியோடு தெருவில் இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டீர்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. கார் கிளம்பியது, மேஜர் கிளம்பவில்லை. மேலே வந்து ரசம் குடித்து, வேர்த்து, மூக்கைச் சிந்தி, இன்னொரு டம்ளர் கேட்டார். அன்றைக்கே கேப்டன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

கதை நமக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. இங்கே ரைனுக்கு அந்தக் கரையில் இருக்கிற ஃபால்ஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞன் ரைன் நதி வழியாக ரோட்டர்டாம் போய், அங்கிருந்து பிலடெல்பியாவுக்குக் கப்பல் ஏறினான். கப்பல் கூலிக்கு ஈடாகச் சில வருடங்கள் யாரோ ஒருவருடைய பண்ணையில் உழைத்தான். பிறகு காட்டை வெட்டித் தனக்கென்று நிலம் பண்ணிக்கொண்டான். இங்கிலாந்து ராஜாவோடு சண்டை வந்தபோது அந்தப் பகுதி உழவர்கள் சேர்ந்து ஊர்ப்படை ஒன்று அமைத்தார்கள். அதற்குக் கேப்டனை மேலிருந்து யாரும் நியமிக்கவில்லையாம். பக்கத்தில் துப்பாக்கி பிடித்து நிற்கப்போகிறவர்களே கூடித் தேர்ந்தெடுத்தார்களாம். அவர்கள் இவனைத் தேர்ந்தெடுத்தார்கள். சண்டை முடிந்ததும் அவன் திரும்பிப் போய் ஏரைப் பிடித்தான். இது மேஜருக்குத் தெரியும். அவன் இங்கே யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் தெரியாது. நல்ல வசதியான விவசாயக் குடும்பம் என்று அவர்கள் வீட்டில் பரம்பரையாகச் சொல்லிவந்தார்கள்.

நான் அப்போதும் இப்படித்தான். "வெட்டின காடு யாருதுங்க? அங்க ஏற்கெனவே இருந்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டேன். மேஜர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அதையும் எழுதத்தான் வேணும்" என்றார். நீங்கள் தமிழில், "கேட்டது கரெக்ட்தான் தம்பி. ஆனா அந்த மனுஷன் வாயில சோறு இருக்கறப்பவா கேப்பே?" என்றீர்கள்.

அந்த மேஜையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஞாயிறு மத்தியானம் அக்கம்பக்கத்தில் படிக்கிற, வேலை பார்க்கிற தமிழர்கள் எல்லோரும் உங்கள் வீட்டில்தான். திருநெல்வேலியிலிருந்து வந்து ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் ஒருவர் உண்டே, அவர் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்பார், பிறகு தெரு கேட்பார். தெருவைச் சொன்னால் மீதியை அவரே கண்டுபிடித்துக்கொள்வார். உங்களிடமும் கேட்டிருக்கிறார். "சைதாப்பேட்டை சார். பஸ் ஸ்டாண்டு பக்கம்." பஸ் ஸ்டாண்டுக்குச் சாதி கிடையாது. என்னிடம் கேட்டபோது நான், தஞ்சாவூர் ஜில்லா, சேரி, அப்பா கூலி வேலை என்று நேராகச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து நான் பரிமாற எழுந்தால் டாக்டருக்கு வயிறு நிறைந்துவிடும். "போதும்ப்பா, காலையில லேட்டா சாப்ட்டேன்." அடுத்த நிமிடம் நீங்கள் எழுந்து பரிமாறினால் பசி திரும்பிவிடும். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பேசமாட்டார்கள். நீங்களும்தான்.

அக்டோபரில் மேஜர் நம் இருவரையும் அந்தக் கிராமத்துக்கு அழைத்துப் போனார். அவருக்கு ஜெர்மன் போதாது. உங்களுக்கு அது தாராளமாக இருந்தது. எனக்கு வேறு வேலை இல்லை. அவருடைய கார் அந்த ஊர்த் தெருவுக்குள் நுழைய முடியாத அகலம். ஒரு கிழவர் திராட்சைக் கூடையோடு சுவரில் ஒட்டி நின்று, "டாங்கியிலயே வந்திருக்கலாமே" என்றார்.

தேவாலயத்துப் பாதிரியார் பழைய பதிவுகளைப் பார்த்து வைத்திருந்தார். அந்தக் குடும்பம் இந்த ஊர்தான், பையன் இங்கேதான் பிறந்தான் என்றார். வீடு எங்கே இருந்தது என்று மேஜர் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "ஊருக்குள்ள இல்லை. வெளியே. பாலத்துக்கு அந்தப் பக்கம். அவங்க வீடு மட்டும்தான் அங்க இருந்தது."

மேஜர் முகம் மலர்ந்துவிட்டது. ஊருக்கு வெளியே, தனி வீடு! அவர் கண்ணில் பெரிய பண்ணையே தெரிந்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஏன் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் ஏன் பார்த்தீர்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

பாலத்தைத் தாண்டிப் போனோம். செந்தட்டிப் புதரும் ஒரு பிளம் மரமும்தான் மிச்சம். மேஜர் ஒவ்வொரு கல்லையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நாம் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தோம்.

"சொல்லிடலாம்ணே."

"எதை?"

"இங்க இருந்தவன் விவசாயி இல்லன்னு. ஆத்துக்கு அந்தாண்ட, காத்து ஊர்ப்பக்கம் அடிக்காத எடமாப் பாத்து ஒத்தை வீடு. எங்க ஊரே எந்திரிச்சு வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

"உனக்கு எல்லாமே உங்க ஊர்தான்."

"பாதிரியார் மூஞ்சியப் பாத்தீங்கல்ல? அவருக்குத் தெரியும்."

நீங்கள் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டீர்கள். "அந்தப் பையன் கப்பலேறித் தப்பிச்சுட்டான் தம்பி. இருநூறு வருஷமா நிம்மதியாப் படுத்திருக்கான். நாம எதுக்கு அவனைப் போய்த் தோண்டணும்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "தப்பிச்சவன் அப்பனை விட்டுட்டுத்தானே தப்பிச்சான்" என்றேன். நீங்கள் எழுந்து மேஜரைப் பார்த்து நடந்துவிட்டீர்கள்.

அதன் பிறகு ஊர் நடுவில் இருந்த ஒயின் கடையில் போய் உட்கார்ந்தோம். பாதி புளித்த புது ஒயினும், வெங்காயம் பரப்பிச் சுட்ட ரொட்டியும். கடைக்கார அம்மாள் தடித்த கையும் உரத்த குரலுமாக இருந்தார். சுவரில் சாம்பல் நிற மண்குவளைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஈய மூடி. ஒன்று மட்டும் வாசல் கதவுப் பக்கம் சங்கிலியில் தொங்கியது. அதற்கு மூடி இல்லை. மேஜர் அதைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

"அதுவா? ரொம்பப் பழசு. செத்த மாடு உரிக்கிறவனோட குவளை. அவன் உள்ள வந்து உக்காரக்கூடாது. கதவாண்ட நின்னு குடிச்சிட்டு அவனே மாட்டிட்டுப் போகணும். அவன் தொட்டதை வேற யாரும் தொடமாட்டாங்க."

"அவன் எங்க குடியிருந்தான்?" மேஜர் சும்மா கேட்டார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

நீங்கள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு ஜெர்மன் அவருக்கு இருந்தது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். கேமராவை உறைக்குள் போட்டுப் பட்டனை மாட்டினார். அந்தப் பெரிய உடம்பு சின்னதாகிவிட்டது போலிருந்தது. "அப்ப நாங்க ஒண்ணுமே இல்லாதவங்க" என்றார்.

நீங்கள் கடைக்கார அம்மாளிடம் திரும்பினீர்கள். "எனக்கு அந்தக் குவளையில ஊத்துங்க."

"ஐயோ, அது சும்மா அழகுக்கு மாட்டினது. ஒரே தூசி."

"கழுவிட்டு ஊத்துங்க."

அவர் உங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிச் சங்கிலியைக் கழற்றினார். கழுவி ஊற்றிக் கொண்டுவந்தார். நீங்கள் பாதியைக் குடித்துவிட்டு, மேஜரிடம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக வைத்துச் சொன்னீர்கள்: "என் தாத்தாவும் இந்த வேலைதான் பார்த்தார். அவர் ஊர் டீக்கடையில் எங்களுக்கும் ஒரு தனிக் குவளை உண்டு. நானே அதில் குடித்து, கழுவி, மாட்டியிருக்கிறேன். ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள். இங்கே யாரும் பக்கத்தில் உட்காராத மனிதருடைய மகனை, அங்கே உழவர்கள் கூடித் தங்கள் கேப்டனாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்."

மேஜர் கையை நீட்டினார். குவளையை வாங்கி மீதியைக் குடித்தார். அம்மாள் மறுபடி நிரப்பினார். அது என்னிடம் வந்தது. பிறகு அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதிலேயே ஒரு வாய் குடித்தார். "அவன் மட்டும் இல்லேன்னா இந்த ஊரே நாறிப்போயிருக்கும். எங்க பாட்டன்மாருக்குப் புத்தி இல்லை" என்றார்.

ஜெர்மனிக்கு வந்த பிறகு நான் வயிறு குலுங்கச் சிரித்த முதல் நாள் அது. உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிப்பிடிக்கத் தோன்றியது, அடிக்கவும் தோன்றியது. திரும்பி வரும்போது மேஜர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். ரைன் பாலம் ஏறும்போது முன் சீட்டிலிருந்து திரும்பாமலே தமிழில் சொன்னீர்கள்.

"தம்பி, நம்ம வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்."

"ஏண்ணே?"

"எல்லாம் வந்து சாப்பிடறாங்க இல்ல."

"தெரிஞ்சா சாப்பிடமாட்டாங்கன்னா அவங்களுக்கு ஏன் பொங்கிப் போடறீங்க?"

"உனக்கு வயசு பத்தாது. சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். அன்றைக்கு நீங்கள் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அதற்கு நீங்கள் கொடுத்த விலை எனக்குத் தெரியும். டாக்டர் வருடா வருடம் உங்களுக்குப் பெண் பார்த்தார். "நல்ல இடம், பூர்வீகம் மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பேசிக்கறேன்." நீங்கள், "அடுத்த வருஷம் பாக்கலாம் சார்" என்று பருப்பைக் கடைவீர்கள். கேப்டனுக்குப் பேரப்பிள்ளைகள் ஒரு கிராமம் அளவு. உங்களுக்கு நாங்கள்தான்.

ஆனால் ஒன்று மாறியது. அந்த ஃபால்ஸ் பயணத்துக்குப் பிறகு நான் பரிமாற எழுந்தால் முதல் தட்டை நீங்கள்தான் நீட்டுவீர்கள். "இன்னும் போடு. ரசம் எங்க?" வீட்டுக்காரரே வாங்கிச் சாப்பிடும்போது மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? ஒவ்வொருவராகத் தட்டை நீட்டினார்கள். கடைசியில் டாக்டருக்குக்கூடக் காலையில் சாப்பிட்டது ஜீரணமாகிவிட்டது. நீங்கள் பேசத் தெரிந்த அளவுக்குப் பேசியது அப்படித்தான் என்று இப்போது புரிகிறது. அது போதாது, அண்ணே. ஆனால் அந்த ஞாயிறுகளை யாராவது திரும்பத் தந்தால் வாங்கிக்கொள்வேன். நான் இந்த நாட்டில் பசியோடும் அவமானத்தோடும் படுத்த இரவுகள் அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

போன மாதம் தொழிற்சாலையில் வரைபலகை முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். வலித்தது சொற்ப நேரம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நம்புகிறேன்.

வரும் ஞாயிறு மாணவர் விடுதிக் கூடத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். நேற்று ராத்திரி திருநெல்வேலி டாக்டர் போன் செய்தார். குரல் நிஜமாகவே உடைந்திருந்தது, அதை மறுக்கமாட்டேன்.

"நீதான்ப்பா பேசணும். அவர் உன்னைத் தம்பி மாதிரி வச்சிருந்தார். அப்புறம் ஒண்ணு. அவர் வாயால சொன்னதில்ல, ஆனா எனக்கு எப்பவோ தெரியும். நல்ல குடும்பம். அந்தக் கைப்பக்குவம், அந்தச் சுத்தம், அதெல்லாம் பிறப்புலயே வரணும். நம்ம ஆளுங்கதான். அதையும் ரெண்டு வார்த்தை சொல்லிடு."

"சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? நாக்கின் மேல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் அறைச் சாமான்களைப் பிரித்துக்கொள்ளச் சொன்னபோது நான் எதையும் எடுக்கவில்லை. எனக்கு நீங்கள் விட்டுப்போனது அந்த வாக்குதான். இந்தக் கடிதத்தில்கூட உங்கள் பெயரை எழுதவில்லை. அந்த வாக்குக்குள் எனக்கு இருக்கிற இடம் இவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் முன் வரிசையில் உட்கார்ந்து, உங்களைத் தன் சாதியில் சேர்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார். அதைப் பார்த்துக்கொண்டு நான் உங்கள் ரசத்தைப் பற்றிப் பேச வேண்டும். என்னால் ஆகாது.

நான் கொடுத்த வாக்கை எனக்குத் திருப்பிக் கொடுங்கள், அண்ணே. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுங்கள்.