மூடாத இமை

இஞ்சாருங்கோ,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததிலிருந்து காலையில் என் கண் வறண்டு எரிந்துகொண்டிருந்தது. அழுததால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். போன இடமெல்லாம் சொட்டு மருந்துதான் தந்தார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு புது டொக்டர் பார்த்துவிட்டு, "நித்திரையில உங்கட இமை முழுசா மூடுறேல்லை. கனகாலமா இப்பிடித்தான் இருந்திருக்கும். வீட்டில ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. அரைத் தூக்கத்தில் உங்கள் பெருவிரல் என் இமையைத் தடவும்போதெல்லாம், "சும்மா படுங்கோ" என்று தட்டிவிட்டிருக்கிறேன்.

இமையை ஒட்டிவிட்டுப் படுக்க டொக்டர் டேப் தந்தார். அதை இன்னும் பிரிக்கவேயில்லை. வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக எரிவில்லாமல் எழும்புகிறேன்.

இனித் தட்டிவிட மாட்டேன். உங்கள் விரல்தான் ஐஸ் மாதிரிக் குளிருகிறது.

சுவர்ப்பக்கத்தில் படுப்பவள்