தெற்கு மலைமேல் தெரிந்த வெள்ளைத் திட்டு

மச்சான்,

இன்று காலை உங்கள் தங்கை மட்டக்கம்பை அடுப்பில் வைக்கப் போனாள். கொழுந்தெடுத்த காலத்தில் தேயிலைச் செடிமேல் கிடத்தி அவள் மட்டம் பார்த்த கம்பு. பிடுங்கி வைத்தேன். "அண்ணன் போயும் ஒங்க ரெண்டு பேரு பைத்தியம் போகல" என்றாள்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, லயத்து வீடுகளுக்கு மேலே நின்று தெற்கு மலைமேல் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினீர்கள். நம் பால்வீதிக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் என்றீர்கள். ஃபெக்டரிப் புகை என்றேன், மூடுபனி என்றேன். இந்த மலையில் மூடுபனி யாரைத்தான் ஏமாற்றவில்லை? இரண்டு செடிகளுக்கு மேல் இந்தக் கம்பைப் படுக்கவைத்து, நுனிக்கு நேராகத் திட்டைப் பிடித்தேன். வெற்றிலை போட்டுப் பேசிவிட்டுப் பார்த்தால், அது மேற்கே நகர்ந்திருந்தது. பக்கத்து நட்சத்திரமும் இடைவெளி மாறாமல் கூடவே போயிருந்தது. பனி அப்படிப் போகாது. அதுவரைக்கும் ஒத்துக்கொண்டேன்.

அதற்குமேல்தான் எனக்கு ஒட்டவில்லை. கொட்டகலையில் நீங்கள் வாங்கிய பழைய புத்தகம் அதை 'ஒழுங்கற்ற' மண்டலம் என்றது. நம்முடையதுபோல் சுருள் வடிவம் இல்லையாம். பக்கத்துப் பெரியதான நம் பால்வீதி இழுக்கிற இழுப்பில் இந்தச் சின்னது உருக்குலைகிறதாம். இழுத்தவனை விட்டுவிட்டு, குலைந்தவனுக்கு ஒழுங்கில்லை என்று பேர் வைத்தது யார்?

"பக்கத்துல இருக்குல்ல, அப்ப நம்மாளுதான்" என்றீர்கள்.

"நாமளும் பக்கத்துலதான் இருந்தோம். யாரு சேத்துக்கிட்டாங்க?" என்றேன். பிரஜாவுரிமை இல்லையென்று உங்கள் அண்ணன் குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியது இருவருக்கும் நினைவில் இருந்தது. 

டிக்கோயா ஆஸ்பத்திரியில் கடைசியாகவும் அதையே கேட்டீர்கள். "இப்பவாச்சும் சொல்லுங்க மச்சான், அது நம்மாளுதானே?" நான் தலையாட்டவில்லை. நம்பாததைச் சாகக் கிடக்கிறவரிடம்கூடச் சொல்ல எனக்கு வராது. சிரித்தீர்கள். "சரி விடுங்க. சின்னது இழுத்தாலும் பெருசு அசையும். அதையாவது நம்புங்க."

போன வாரம் வானொலியில் ஒருவர் பேசினார். அந்தச் சின்ன மண்டலம் நம் பால்வீதியையே கொஞ்சம் இழுத்து அசைத்திருக்கிறதாம். அது வெகுகாலமாக நம்மைச் சுற்றுகிறதா, இப்போதுதான் முதல் தடவை இந்தப் பக்கம் வருகிறதா என்பது மட்டும் தீரவில்லையாம். அவரையும் நான் நம்பிவிடவில்லை.

மாசி வந்ததும் கம்போடு மேலே ஏறுவேன். பால்வீதி அசைந்ததைக் கம்பு வைத்துப் பார்க்க முடியாது, தெரியும். நீங்கள் சொன்னதால் அது ஒன்றை மட்டும் பார்க்காமலே நம்பி வைத்திருக்கிறேன்.

நம்மாளு என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, மச்சான்.