பத்தாவது லெவல்

மோர்பி
25.5.2024

அன்புள்ள கோதைக்கு,

இங்கே வெயிலும் டைல்ஸ் சூளையும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. மற்றபடி நான் சுகம். நீயும் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இன்னும் கோபமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் தோழி கனிமொழி வேலை பார்க்கிற கம்பெனிக்கு இன்டர்வியூ போனது யார்? அதனால்தானே உன் செல்லையும் செராமிக் டிப்ளமா சர்டிபிகேட்டையும் என் பெட்டியில் எடுத்து வந்தேன். சரி, சண்டை வேண்டாம். விளையாட்டாகவே முடித்துக்கொள்வோம்.

நான் செல்லில் ஆடும் அந்த அரக்கன் ஆட்டம் ஞாபகமிருக்கிறதா? அரக்கனை வெட்டினால் அனுபவப் பாயிண்ட். அது சேரச் சேர வீரன் லெவல் ஏறுவான். இனி நீதான் என் வீரன். ஜூன் 3, திங்கள் முதல் கணக்கு. அம்மா சொல்லைத் தட்டாத நாளுக்குப் பத்துப் பாயிண்ட். கேட்டைத் தாண்டாத நாளுக்குப் பத்து. கோயிலுக்குப் போனால் குற்றமில்லை. இரண்டாவது லெவலுக்கு நூறு பாயிண்ட், அங்கிருந்து மூன்றாவதுக்கு இருநூறு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். ஐந்தாவது லெவலில் செல் உன் கைக்கு வரும். பத்தாவதில் சர்டிபிகேட், நீ ஆசைப்பட்ட வேலை, எல்லாம். அதுவரை நமக்குள் கடிதம்தான். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆயிரம் முத்தங்களுடன்
உன் நந்தகுமார்

விருத்தாசலம்
12.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. நேற்று ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய் வந்தார்கள். இங்கே ஒரு தூறல் போட்டுவிட்டு மழை ஓடிவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடலாமா என்று வந்தது. வீரனாம் வீரன்! கல்யாணமாகி எட்டு மாதத்தில் பொண்டாட்டிக்கு மார்க் போடுகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஆனால் கணக்கு என்றால் என் கை சும்மா இருக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே. போட்டுப் பார்த்துவிட்டேன். நூறு, இருநூறு, முன்னூறு என்று தொள்ளாயிரம் வரை ஒன்பது படி. மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு. நாளைக்கு இருபது என்றால் 225 நாள். போகியோடு முடிகிறது. பொங்கலன்று சர்டிபிகேட் என் கையில்!

தை மாதம் கனிமொழி கம்பெனியில் புதுச் சூளை பற்றவைக்கிறார்களாம். மேலே பூசுகிற கிளேஸ் கலக்கிச் சோதிக்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். சரியாகப் பொருந்தி வருகிறது, பாருங்களேன். ஏழு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். வெள்ளிக்கிழமையோடு நூறு சேர்ந்துவிட்டது. நான் இப்போது இரண்டாவது லெவல். ஒத்துக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் பூங்கோதை

மோர்பி
24.6.2024

அன்புள்ள கோதைக்கு,

நாலாயிரத்து ஐந்நூறு என்று படித்ததும் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. முதல் இரண்டு படியைப் பார்த்து மொத்த மாடியையும் அளந்துவிட்டாயே, அசடு! இருநூறுக்கு அடுத்து முன்னூறு என்று நான் சொன்னேனா? நானூறு. அதற்கடுத்து எண்ணூறு. ஒவ்வொரு லெவலுக்கும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு. எந்த ஆட்டத்திலும் ஆரம்பம் சுலபமாகத்தான் இருக்கும். அப்போதுதானே ஆள் விட்டுவிட்டு ஓடாமல் ஆடுவான்.

இன்னொன்று. கேள்விப்பட்டேன் என்று எழுதியிருக்கிறாய். 11ஆம் தேதி காலை பத்தே முக்கால். மஞ்சள் சுடிதார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நீ, பன்னிரண்டு நிமிடம். கனிமொழி இளைத்துப்போய்விட்டாள். மறைத்ததற்கு ஐம்பது பாயிண்ட் குறைத்திருக்கிறேன். அம்மா மேல் பாயாதே. அம்மாதான் அன்று ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்தார்களே.

உன் ஞாபகமாகவே இருக்கும்
நந்தகுமார்

விருத்தாசலம்
5.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வாசலில் நீங்கள் மாட்டிய பல்பை ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன். நடுவில் ஒரு கண் இருக்கிறது. அத்தை சீரியல் பார்க்கத்தான் வைஃபை என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன். ஏறியதையும் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் பாருங்கள்.

உங்கள் கணக்கைப் போட்டேன். ஒருமுறை அல்ல, நான்கு முறை. நூறில் தொடங்கி ஒன்பது படி இரட்டித்தால் கடைசிப் படிக்கு மட்டும் இருபத்தையாயிரத்து அறுநூறு. அந்த ஒரு படிக்கே மூன்றரை வருஷம். மொத்தம் ஐம்பத்தோராயிரத்து நூறு. நாளைக்கு இருபதாக, ஒரு குறைப்புகூட இல்லாமல் சேர்த்தால் 2555 நாள். சரியாக ஏழு வருஷம்.

எனக்கு இப்போது இருபத்து நான்கு. முப்பத்தொன்றில் யார் மாமா எனக்காக ஒரு சூளையை அணைத்து வைத்துக் காத்திருப்பார்கள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது விளையாட்டுப்போக்கில் தவறி வந்த கணக்கா, தெரிந்தே போட்டதா? தவறி வந்தது என்று எழுதுங்கள். சத்தியமாக நம்பிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா.

பூங்கோதை

மோர்பி
16.7.2024

என் கோதைக்குட்டிக்கு,

கெட்டிக்காரி! ஏழு வருஷம் என்று கண்டுபிடிக்க உனக்குத் தீபாவளி வரை ஆகும் என்று நினைத்தேன்.

தவறி வந்ததா என்று கேட்டிருக்கிறாய். ஷிப்ட் இன்சார்ஜ் வேலை பார்க்கிறவன் கணக்கில் தவறுவானா? ஏழு வருஷத்தைத்தான் முதலில் முடிவு செய்தேன். பாயிண்டை அதற்குள் அப்புறம் பிரித்துப் போட்டேன். அதற்குள் இரண்டு பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்திருக்கும். சர்டிபிகேட்டை நானே நீட்டினாலும், அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று நீ சிரிப்பாய். நம் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்பது அன்றைக்குப் புரியும்.

வாசலில் ஒரு கேமரா, அடுப்படியில் ஒன்று. இரண்டையும் சொல்லிவிட்டேன். மூன்றாவதை நீயே கண்டுபிடி, நூறு பாயிண்ட்.

லீவு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பேன். சர்டிபிகேட் என்னோடு வருமா, வராதா என்பது உன் கையில் இருக்கிறது. இங்கே சூளைக்குள் ஆயிரத்து இருநூறு டிகிரி. காகிதம் போட்டால் சாம்பலைக்கூடப் பார்க்க முடியாது. வேறு யாருக்காவது எழுதத் தோன்றினால் இதை நினைத்துக்கொள், கண்ணு.

உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்
நந்தகுமார்

8.8.2024

நந்தகுமாருக்கு,

உங்கள் அம்மாவிடம் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிட்டு வருகிறேன் என்றேன். குறையைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் கட்டப் போகிறவளை இந்த ஊரில் யார் தடுப்பார்கள்? "நல்லா எழுதிக் கட்டும்மா. அப்பிடியே ஒரு புள்ள வேணும்னு கேட்டுட்டு வா" என்று மஞ்சப்பை எடுத்துக் கொடுத்தார்கள். பை நிறையக் காகிதத்தோடு கேட்டைத் தாண்டினேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பாயிண்ட் போட்டிருப்பீர்கள்.

பிராது கட்டினேன். பிறகு பஸ் ஏறி மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். உங்கள் மூன்று கடிதங்களையும் கொடுத்தேன். உங்கள் கையெழுத்தில் கேமரா இருக்கிறது, சூளை இருக்கிறது, ஏழு வருஷம் இருக்கிறது. அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா படித்து முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி படித்தார்கள். அசலை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. சர்டிபிகேட் நகலுக்கும் மனு போட்டுவிட்டேன். நாளாகும் என்கிறார்கள். ஆகட்டும். நீங்கள் உங்களிடம் இருப்பதை எரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேமராவை இரண்டு நாள் தேடினேன். கடிகாரத்தைக் கழற்றினேன், தலையணையைப் பிரித்தேன். சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டபோது எனக்கே அசிங்கமாக இருந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. இல்லாவிட்டாலும் நான் ஏழு வருஷம் தேடிக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

16ஆம் தேதி நீங்கள் வரும்போது அத்தை இருப்பார்கள், நான் இருக்க மாட்டேன். பெண்ணாடம் போய் அப்பாவை மிரட்டாதீர்கள். நான் அங்கே இல்லை. எங்கே இருக்கிறேன் என்று அவருக்கும் சொல்லவில்லை. கனிமொழிக்கும் தெரியாது.

ஜூன் 7ஆம் தேதி சாயங்காலம், முதல் நூறு பாயிண்ட் சேர்ந்த நாள். அடுப்படியில் தனியாக நின்று கரண்டியை வாள் மாதிரி தூக்கிச் சுழற்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் அப்படிச் சிரித்தேன். ஏழு வருஷம் என்று தெரிந்துகொண்டே நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். செல்லைப் பிடுங்கியதையும் சர்டிபிகேட்டை எடுத்துப்போனதையும் என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.

பூங்கோதை