மாமாவின் முகத்துப் புண்

1938 ஐப்பசி, வெள்ளி

மாலை நாலே காலுக்குச் சேதி வந்தது. மாமாவின் கண்ணுக்குக் கீழே இருக்கும் புண் புற்றுநோய்தான். டொக்டர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இயக்கும் என்னைக் கூப்பிட்டு, "வெட்டத் தேவையில்லை தம்பி. உம்மடை எக்ஸ்ரே மெசினாலையே கருக்கிப்போடலாம்" என்றார்.

என் மனைவி செல்விக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் இவர்தான். அவள் அந்த மேசையிலிருந்து எழும்பவில்லை. இப்போது அவளுடைய அப்பாவுக்குக் கத்தி வேண்டாமாம். இது வைத்தியமா, மறுபடி என் முகத்தில் விழிக்கப் பயமா?

கேட்டுவிட்டேன்.

"வெட்டினால் இமை இழுபட்டுப்போம். உந்தப் புண் கதிருக்கு நல்லாக் கேக்கும்."

பதில் சரிதான். அவ்வளவு சரியாக இருந்ததுதான் பிடிக்கவில்லை.

வீட்டில் மாமி புண்மேல் திருநீறு அப்பியிருந்தார். கதிர் போடும்போது அதில் ஒன்றும் இருக்கக்கூடாது என்றேன்.

"உங்கடை மெசின் கீரிமலைச் சிவனிலும் பெரிசோ?"

மாமா சிரித்தார். "சுவிச்சைப் போடுறது நீர்தானே தம்பி? அப்ப வாறன்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். திங்கள் காலை அவரைப் படுக்கவைத்து, கண்ணை ஈயத்தகட்டால் மூடி, சுவிச்சைப் போடப்போவது நான். அதற்குள் டொக்டர் எழுதித்தந்த கதிரின் அளவு சரியா என்று கொழும்பில் யாரிடமாவது கேட்கவேண்டும். டொக்டருக்குத் தெரியாமல்.