என் வீட்டுச் சுவரில் உன் கதவு

இன்று காலையும் உன் கதவு தட்டியது. கடல்காற்று கொஞ்சம் பலத்தால் போதும், என் வீட்டுப் பின்சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அந்தப் பலாமரக் கதவு ஆடிச் சுவரில் இடிக்கும். டக், டக். நானும் தவறாமல் "வாறேன்" என்று குரல் கொடுத்துப் போய் முன்வாசலைத் திறப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். "போனவரு பின்னால நிண்ணு தட்டுதாரு, நீங்க முன்வாசலத் தொறக்கிய" என்கிறாள் என் வீட்டுக்காரி. என் புத்தி எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று உனக்குத் தெரியாததா?

மழை ஈரத்தில் அந்த மரத்திலிருந்து உப்பும் மீனெண்ணெயும் கலந்த வாடை எழுகிறது. கண்ணை மூடினால் நீ பக்கத்தில் நிற்கிறாய். அதனால் நான் கண்ணை மூடுவதில்லை.

கடல் வீட்டுக்குள் ஏறினால் உங்கள் கரையில் முதலில் கதவைத்தான் கழற்றுவீர்கள். கட்டிலும் பாத்திரமும் அப்புறம். உன் அப்பா வீட்டுக் கதவு அது. அந்த வீடு போனபோது பின்னால் கட்டிய வீட்டுக்கு வந்தது. அதுவும் போனபோது இன்னும் பின்னால். கடைசியில் பின்னால் நகர இடமில்லை. ரோடு வந்துவிட்டது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் பஞ்சர் கடை.

ஆட்டோவின் மேல் கதவைக் கட்டிக்கொண்டு நீ வந்து இறங்கியபோது, "எலே, கதவுக்கா பஞ்சர்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "கதவு வந்தாச்சு மக்கா. வீடு பெறகு வரும். அதுவர இங்க நிக்கட்டு."

உன்னையும் உன் மகள் லில்லி குடும்பத்தையும் பள்ளிக்கூடத்து முகாமில் வைத்திருந்தார்கள். பார்க்க வந்த என்னிடம், "நான் அஞ்சாம் கிளாசுல தோத்தவனாக்கும். இப்போ அதே கிளாசுல குடியிருக்கேன், பாத்தியா" என்றாய். அந்த மழைக்காலம் முடியும் முன், அதே வகுப்பில், கரும்பலகைக்குக் கீழே விரித்த பாயில் நெஞ்சைப் பிடித்தபடி போய்விட்டாய். லில்லி இன்றும் ஒரு வாடகை அறையில்தான் இருக்கிறாள்.

இப்போது பஞ்சாயத்தில் நிலத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற திட்டத்தைத் திருத்துகிறார்கள். கோயில் ஹாலில் வரைபடத்தைத் தொங்கவிட்டு ஊரைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் இன்ஜினியர் மாதிரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் போய், உன் வீட்டைத் தேடி விரல் வைத்தேன்.

அங்கே நின்ற ஆபீசர் பெண் மலையாளத்தில் சொன்னாள்: "அங்கிளே, அது கடலாணு."

"இல்ல மோளே, அது வீடாக்கும். நான் அங்க சோறு தின்னிருக்கேன்."

ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் விரலை எடுத்தபோது அதில் நீலம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

கரையில் இனி யாரும் வீடு கட்டக்கூடாது. அது சரிதான், கட்டினால் கடல் விடாது. ஆனால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் முழுவதும் ஆரஞ்சு நிறம். விடுதிகளும் கடைகளும் மட்டும் வரலாமாம், புது வீடு கூடாதாம். அப்படியானால் உன் ஆட்கள் எங்கே போவார்கள்? கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் வைத்து லில்லி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் கல்ஃபிலிருந்து என் மகன் கூப்பிட்டிருந்தான்: "அப்பா, நம்ம பின்தோட்டம் ஆரஞ்சுல வருதாம். ரூம் கெட்டி வாடகைக்கு விட்டா நாம ரெட்சப்பட்டோம்."

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்கள். என் கை தானாக மேலே போனது.

"எனக்கிட்ட ஒரு கதவு உண்டு" என்றேன்.

"கதவுக்கு என்னவே ஆட்சேபம்?" என்று பின்னால் ஒரு குரல்.

"அத வைக்க ஒரு வீடு வேணும். என் பின்தோட்டத்துல அந்த ஆரஞ்ச எடுங்க. கடப்புறத்துக்காரங்க வீடு கெட்டலாம்னு போடுங்க."

பக்கத்துத் தோட்டக்காரர் எழுந்துவிட்டார். "ஒம்ம தோட்டத்த மாத்திரம் எடுத்தா நடுவில ஓட்டைல்லா விழும்? எங்க வெலயும் சேந்துல்லா போவும்!" ஆபீசர் பெண் இரண்டையும் எழுதிக்கொண்டாள். முடிவு இன்னும் வரவில்லை. மகன் இப்போது அம்மாவிடம் மட்டும் பேசுகிறான்.

மறுநாள் லில்லி வந்தாள். ஊறிப் பருத்த மரத்தை உள்ளங்கையால் தடவினாள். "மாமா, அப்பா தட்டுதாராமே?"

"தட்டுதாரு மோளே."

"வந்தா எங்க கொண்டு இருத்த?" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தபடி நின்றாள்.

அவள் போன பிறகு, சத்தம் கேட்காமலிருக்கக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாக்கை மடித்துச் செருகினேன். வீடு அமைதியானது. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. சாக்கை நானே உருவி எடுத்தேன். ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருந்து, மகன் சொன்ன ரூமும் எழுந்துவிட்டால் நானும் மெல்ல மறந்துபோகக்கூடிய ஆள்தான். அதனால் நீ தட்டிக்கொண்டே இரு. என் பின்தோட்டத்தில் ஒரு வீடு எழும்பி, அதன் வாசலில் வைத்து லில்லி உன் கதவைத் திறக்கும்வரை, "வாறேன்" என்று சொல்ல நான் இங்கே உண்டு.